சென்னை வெயிலுக்கு ஓர் அலுவலகம்: மனை முதல் மின்கட்டணம் வரை

மாலை நாலு மணி. ஓ.எம்.ஆர். பக்கம் ஓர் ஐ.டி. கட்டடத்தின் ஐந்தாவது மாடி. மேற்கே பார்த்த முழுக் கண்ணாடிச் சுவர். அதன் ஓரமாக உட்கார்ந்திருந்தவர்கள் சார்ட் பேப்பர், தெர்மாகோல், பழைய காலண்டர் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் கண்ணாடியில் ஒட்டி வைத்திருந்தார்கள். ஒரு பெண் மானிட்டருக்கு மேலே குடையையே விரித்து வைத்திருந்தார். பத்தடி தள்ளி, ஏ.சி. காற்று நேராக இறங்கும் இடத்தில் இருந்தவர்கள் ஸ்வெட்டரில். திரையெல்லாம் இழுத்து மூடியிருந்ததால் பட்டப்பகலில் அத்தனை விளக்கும் எரிந்துகொண்டிருந்தது.

"மெஷின் டன் போதலை சார், வந்து பாருங்க" என்று கூப்பிட்டிருந்தார்கள். போய்ப் பார்த்தால் டன், அதாவது ஏ.சி.யின் குளிர்விக்கும் திறன், தாராளமாகவே இருந்தது. தப்பு டிராயிங்கில் நடந்திருந்தது, பத்து வருஷத்துக்கு முன்னால். அதை இப்போது எந்த மெஷினாலும் சரி செய்ய முடியாது.

சொந்த அலுவலகம் கட்டப்போகிறவர்களுக்கும், முதல் பெரிய வேலையைக் கையில் எடுத்திருக்கும் இளம் ஆர்க்கிடெக்டுகளுக்கும் இதை எழுதுகிறேன். நான் எடுத்துக்கொண்டது சென்னையை. கடலோரப் புழுக்கம் உள்ள மற்ற ஊர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

சோலாரை முதலில் பேசி முடித்துவிடுவோம்

என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் "பசுமைக் கட்டடம் வேணும், மாடியில சோலார் போட்டுடலாம்" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். ஒரு கணக்குப் போடுங்கள். மாடிக்கு 10,000 சதுர அடி வீதம் பத்து மாடி. மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட் அறை, கூலிங் டவர் (ஏ.சி.யின் சூடான தண்ணீரை ஆறவைக்கும் கோபுரம்) போக அறுபது சதவீத இடம் சோலாருக்குக் கிடைக்கிறது என்று வையுங்கள். ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி தேவை, ஆக 60 கிலோவாட். சென்னையில் ஒரு கிலோவாட் நாளுக்கு ஏறக்குறைய 4 யூனிட் தரும். வருஷத்துக்கு 88,000 யூனிட் வாக்கில்.

இப்போது செலவுப் பக்கம். மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் (பி.இ.இ.) 2009-ல் அலுவலகங்களுக்கு நட்சத்திரத் தரவரிசை கொண்டுவந்தது. நம் புழுக்க மண்டலத்தில், பாதிக்கு மேல் ஏ.சி. உள்ள கட்டடம் அதில் ஐந்து நட்சத்திரம் வாங்க வேண்டுமானால், அன்று வைத்த அளவுப்படி சதுர மீட்டருக்கு வருஷத்துக்கு 100 யூனிட்டுக்குள் நிற்க வேண்டியிருந்தது. அப்படி மிகச் சிறப்பாக ஓடும் கட்டடத்திலேயே ஒரு மாடிக்கு, அதாவது 929 சதுர மீட்டருக்கு, சுமார் 93,000 யூனிட் போய்விடும்.

பத்து மாடிக் கட்டடத்தின் மொட்டைமாடி சோலார் ஒரே ஒரு மாடிக்குத்தான் சோறு போடும். மீதி ஒன்பது மாடியின் பசியைக் குறைப்பதுதான் வடிவமைப்பு. சோலார் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. வரிசையில் அது கடைசி.

1. வெயில் வரும் பாதையைத் தெரிந்துகொள்ளுங்கள்

சென்னை இருப்பது பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 பாகையில். ஏப்ரல் 24 வாக்கில் ஒரு முறை, ஆகஸ்ட் 18 வாக்கில் ஒரு முறை நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. பள்ளிப் பிள்ளைகள் "நிழலில்லா நாள்" என்று குச்சி நட்டுப் பார்க்கும் நாட்கள் அவை. இடைப்பட்ட நான்கு மாதமும் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. "வடக்குப் பக்கம் வெயிலே வராது, முழுக்கக் கண்ணாடி வைக்கலாம்" என்று படித்துவிட்டு வருகிறவர்கள் வேறு நாட்டுப் புத்தகத்தைப் படித்திருக்கிறார்கள். நம் நாட்டு எரிசக்திக் கட்டட விதி இதில் தெளிவாக இருக்கிறது: 15 பாகைக்கு வடக்கே உள்ள ஊர்களுக்கு வடபக்கக் கண்ணாடியில் சலுகை உண்டு. அதற்குத் தெற்கே உள்ள நமக்கு வடக்கும் மேற்கும் ஒன்றுதான்.

தெற்கு சுலபம். டிசம்பர் நண்பகலில்கூடச் சூரியன் 53 பாகை உயரத்தில் இருக்கிறது. ஒன்றரை மீட்டர் உயர ஜன்னலுக்கு 1.1 மீட்டர் சன்ஷேட் போட்டால் அந்த நேரத்து வெயில் உள்ளே வராது. ஜன்னலை இரண்டாகப் பிரித்து அரை மீட்டர் சன்ஷேட் இரண்டு போட்டாலும் கிட்டத்தட்ட அதே பலன்தான்.

மேற்கில்தான் சிக்கல். மே மாதம் மாலை நாலு மணிக்குச் சூரியன் 34 பாகை உயரம், ஐந்து மணிக்கு 20 பாகை. அதே ஒன்றரை மீட்டர் ஜன்னலை ஐந்து மணி வெயிலிலிருந்து சன்ஷேட் மட்டும் வைத்துக் காக்க வேண்டுமானால் அது நாலு மீட்டருக்கு மேல் நீள வேண்டும். அது சன்ஷேட் இல்லை, போர்டிகோ. அதனால் மேற்கில் செய்யக்கூடியவை இரண்டுதான். ஒன்று, ஜன்னலே வைக்காதீர்கள். இரண்டு, வைத்தே ஆக வேண்டுமென்றால் செங்குத்தான ஃபின்களையோ (பட்டையான தடுப்புப் பலகைகள்) ஜாலியையோ (துளைகள் விட்ட தடுப்பு) கண்ணாடிக்கு வெளியே நிறுத்துங்கள். உள்ளே மாட்டும் திரை கண்ணைக் கூசாமல் காக்கும். ஆனால் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட சூட்டில் பெரும்பகுதி உள்ளேயே தங்கும்.

2. கட்டடத்தைத் திருப்பிப் போடுங்கள்

நீளமான பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்கட்டும். மனை அப்படி அமையாவிட்டால் (அமையாது, சென்னையில் ரோடு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் முகப்பு) உள்ளே இருப்பதை இடம் மாற்றுங்கள். லிஃப்ட், மாடிப்படி, கழிவறை, ஏ.ஹெச்.யு. அறை (மாடிக்கு ஏ.சி. காற்றை அனுப்பும் இயந்திரம் நிற்கும் அறை), ஸ்டோர் ரூம் எல்லாவற்றையும் மேற்குச் சுவர் ஓரமாகத் தள்ளுங்கள். இந்த இடங்களில் யாரும் எட்டு மணிநேரம் உட்காரப் போவதில்லை. சுவர் சூடானாலும் கவலை இல்லை. ஒரு ரூபாய் கூடுதல் செலவில்லாத வேலை இது, ஆனால் முதல் ஸ்கெட்சிலேயே செய்தாக வேண்டும். தூண்கள் எழும்பிய பிறகு நடக்காது.

மாடியின் அகலத்தை 15, 16 மீட்டருக்குள் வையுங்கள். ஜன்னலின் மேல் விளிம்பு எவ்வளவு உயரமோ அதைப்போல இரண்டு, இரண்டரை மடங்கு தூரம் வரைதான் பகல் வெளிச்சம் உள்ளே வேலை செய்யும். இரண்டு பக்கமும் ஜன்னல் இருந்தால் நடுவில் ஒரு பட்டைதான் இருட்டாக இருக்கும், அங்கே மீட்டிங் ரூம் வரட்டும். பலர் செய்வது நேர் எதிர்: எம்.டி. அறை ஜன்னல் ஓரம், ஊழியர்கள் நடுவில். எம்.டி. பாதி நாள் ஊரில் இருப்பதில்லை, இருபது பேருக்கான வெளிச்சம் பூட்டிய அறைக்குள் விழுந்துகொண்டிருக்கும்.

3. ஏ.சி. எல்லைக்கோடு

பிளானில் ஒரு சிவப்புப் பேனா எடுத்து, ஏ.சி. தேவைப்படும் இடத்தை மட்டும் சுற்றிக் கோடு போடுங்கள். லிஃப்ட் முன் கூடம், மாடிப்படி, கேன்டீன், வரவேற்பின் ஒரு பகுதி எல்லாம் கோட்டுக்கு வெளியே நிற்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். பிற்பகலில் கடல்காற்று வரும் ஊர் இது. கிழக்கும் தென்கிழக்கும் திறந்த ஒரு கேன்டீனுக்கு மின்விசிறி போதும்.

ஏ.சி. இல்லாமல் நிழலும் காற்றும் எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்க ஆசைப்படுகிறவர்கள் புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டாவைப் பாருங்கள். அந்தோனின் ரேமண்ட் வடிவமைத்தது, 1937-ல் தொடங்கியது. வடக்கு, தெற்கு முகப்பு முழுவதும் அசைக்கக்கூடிய பலகைகள், அறைக்கும் நடைவழிக்கும் நடுவே காற்று புகும் தேக்குக் கதவு, கூரைமேல் காற்றிடைவெளி விட்ட இரண்டாவது ஓடு. தங்கும் விடுதி அது, அலுவலகம் இல்லை. கம்ப்யூட்டரும் நெருக்கமான ஆட்களும் சேர்ந்தால் அதே முறை மே மாதம் தாங்காது. ஆனால் உங்கள் மாடிப்படிக்கும் கேன்டீனுக்கும் தாங்கும்.

இன்னொரு எச்சரிக்கை. ஜிம்பாப்வேயின் ஹராரேயில் உள்ள ஈஸ்ட்கேட் கட்டடத்தைக் காட்டி, "கரையான் புற்று மாதிரி ராத்திரிக் காற்றை விட்டுக் குளிர வைக்கலாமே" என்று கேட்பவர் எல்லாக் கூட்டத்திலும் ஒருவர் உண்டு. ஹராரே உயரமான மேட்டு நிலம், இரவு நன்றாகக் குளிரும். சென்னையில் மே மாத இரவு 27, 28 டிகிரிக்குக் கீழே இறங்குவதே அபூர்வம், அதுவும் பிசுபிசுப்போடு. அந்தக் காற்றை இரவெல்லாம் உள்ளே விட்டால் காலையில் மேசை மேல் ஈரம்தான் மிச்சம்.

4. கண்ணாடி, சுவர், கூரை

எரிசக்திக் கட்டட விதியில் பட்டியலை அப்படியே பின்பற்றும் நேர்வழிப்படி, வெளிச்சுவரில் கண்ணாடி 40 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. என் அனுபவத்தில் 25, 30 சதவீதமே போதும், அதுவும் சரியான இடத்தில் இருந்தால். கால் பக்கம் இருக்கும் கண்ணாடி மேசைக்கு வெளிச்சம் தராது, வெப்பம் மட்டும் தரும்.

கண்ணாடி வாங்கும்போது கேட்க வேண்டிய எண் எஸ்.எச்.ஜி.சி. மேலே விழும் வெயில் வெப்பத்தில் எத்தனை பங்கு உள்ளே வருகிறது என்று சொல்லும் எண் அது. நம் மண்டலத்துக்கு 0.27-க்குள் இருக்க வேண்டும் என்பது விதி. மே பிற்பகலில் மேற்குக் கண்ணாடியின் ஒவ்வொரு சதுர மீட்டர் மீதும் 500 வாட் வெயில் என்று வையுங்கள். 100 சதுர மீட்டர் சாதாரணக் கண்ணாடி, எஸ்.எச்.ஜி.சி. 0.8: உள்ளே வருவது 40 கிலோவாட், அதை வெளியேற்றப் பதினோரு டன்னுக்கு மேல் ஏ.சி. வேண்டும். 0.27 கண்ணாடி என்றால் நாலு டன்னுக்குள் முடியும். இதே எண்ணை மட்டும் பார்த்துக் கன்னங்கரேல் என்ற கண்ணாடியை வாங்கிவிடாதீர்கள். வெளிச்சம் எவ்வளவு விடும் என்ற வி.எல்.டி. எண்ணையும் சேர்த்துக் கேளுங்கள். வெப்பத்தை நிறுத்தி வெளிச்சத்தை விடும் கண்ணாடிக்குத்தான் கூடுதல் காசு.

சுவருக்கு ஏ.ஏ.சி. பிளாக்கோ (காற்றுக்குமிழி நிறைந்த லேசான கான்கிரீட் கல்) ஃபிளை ஆஷ் செங்கல்லோ (நிலக்கரிச் சாம்பல் கலந்தது), உள்ளூரில் நல்ல தரத்தில் கிடைப்பதை எடுங்கள். சுவரைப் பற்றி நான் ரொம்ப அலட்டிக்கொள்வதில்லை. நிழல் விழும் வெளிர்நிறச் சுவர் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும்.

கூரை அப்படி இல்லை, நாள் முழுக்க வெயில் தின்கிறது. நம் ஊர்ப் பழைய மெட்ராஸ் டெரஸ், செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்துக் கெட்டித்த வெதரிங் கோர்ஸ், மேலே தட்டு ஓடு என்று பெரியவர்கள் யோசித்துத்தான் செய்தார்கள். இன்று கான்கிரீட் மேல் காப்புப் பலகை, அதற்கு மேல் வெள்ளை டைல் அல்லது உடைந்த பீங்கான் மொசைக் போடலாம். வெறும் வெள்ளைப் பெயின்ட் என்றால் வருஷா வருஷம் கழுவ வேண்டும், தூசி படிந்தால் பாதிப் பலன் போய்விடும். சோலார் பலகைகளைக் காற்றோட்டம் விட்டு உயர்த்தி நிறுத்தினால் அவையே கூரைக்குக் குடை.

5. ஈரம்: எல்லாரும் மறப்பது

சென்னையில் ஏ.சி. செய்யும் வேலையில் பெரும்பங்கு குளிர்விப்பது என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். 120 பேர் உட்காரும் ஒரு மாடிக்கு வெளியிலிருந்து நல்ல காற்று விநாடிக்கு ஏறக்குறைய 1,000 லிட்டர் வேண்டும். வெளியே 33 டிகிரி, ஈரப்பதம் 65 சதவீதம். உள்ளே 25 டிகிரி, 55 சதவீதம். இந்தக் காற்றை உள்ளே கொண்டுவர மட்டும் 40 கிலோவாட், அதாவது 11 டன்னுக்கு மேல் குளிர்சக்தி போகிறது. அதில் வெப்பத்தைக் குறைக்கப் போவது கால் பங்கு. மீதி முக்கால் பங்கும் காற்றிலிருக்கும் நீரைப் பிழிந்தெடுக்க. மணிக்கு 43 லிட்டர் தண்ணீர் சொட்டும். பத்து மணிநேர அலுவலகத்தில் 430 லிட்டர். இதைச் சாக்கடையில் விடும் கட்டடங்களே அதிகம். ஒரு குழாய் இழுத்துக் கூலிங் டவருக்கோ கழிவறை ஃபிளஷ்ஷுக்கோ விடுங்கள்.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் வருகின்றன. ஒன்று, வெளிக்காற்றைத் தனி மெஷினில் உலர்த்துங்கள். வெளியேறும் குளிர்ந்த காற்றும் உள்ளே வரும் சூடான காற்றும் ஒரு சுழல் சக்கரத்தில் வெப்பத்தையும் ஈரத்தையும் பரிமாறிக்கொள்ளும்படி வைத்தால், மேலே சொன்ன 11 டன்னில் ஏழு எட்டு டன் மிச்சம். இரண்டு, மெஷினைத் தேவைக்கு மேல் பெரிதாக வாங்காதீர்கள். பெரிய மெஷின் அறையைச் சட்டென்று குளிரவைத்துவிட்டு நின்றுவிடும், ஈரத்தைப் பிழிய நேரமிருக்காது. ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் இது அப்பட்டமாகத் தெரியும்: வெளியே 26 டிகிரிதான், உள்ளே ஏதோ நசநசப்பு, யாரோ ரிமோட்டை 20-க்குத் தள்ளுகிறார்கள், மதியத்துக்குள் எல்லாரும் நடுங்குகிறார்கள், மாதக் கடைசியில் சீலிங்கில் பூசணம்.

6. இயந்திரம் வாங்கும் நாள்

"150 சதுர அடிக்கு ஒரு டன்" என்று வாய்ப்பாடு ஒப்பிப்பவரிடம் கணக்குப் பேப்பரைக் கேளுங்கள். நிழலும் நல்ல கண்ணாடியும் காற்றுச் சக்கரமும் வைத்துவிட்டு அதே வாய்ப்பாட்டில் மெஷின் வாங்கினால், இதுவரை மிச்சம் பிடித்ததையெல்லாம் மெஷின் கடையில் கொடுத்துவிட்டு வருகிறோம். ஒழுங்காக வடிவமைத்த அலுவலகத்தில் 400 சதுர அடிக்கு ஒரு டன் போதுமானதாக இருப்பதை நானே பார்த்திருக்கிறேன். மெஷின் சிறிதாகும்போது டிரான்ஸ்ஃபார்மர், ஜெனரேட்டர், கேபிள், மின்வாரியத்துக்குக் கட்டும் டிமாண்ட் கட்டணம் எல்லாம் கூடவே சிறிதாகும். நல்ல கண்ணாடிக்கான காசு பெரும்பாலும் இங்கேதான் கிடைக்கிறது.

சில்லர் என்பது கட்டடம் முழுமைக்கும் குளிர்நீர் தயாரிக்கும் பெரிய இயந்திரம். தண்ணீரால் குளிரும் சில்லர், காற்றால் குளிர்வதைவிட மின்சாரத்தில் ஏறக்குறைய பாதிதான் எடுக்கும். ஆனால் தண்ணீர் குடிக்கும்: டன்னுக்கு மணிக்கு ஆறு லிட்டருக்கு மேல் ஆவியாகும். 200 டன் எட்டு மணிநேரம் ஓடினால் ஒரு லாரித் தண்ணீர். 2019 கோடையில் தண்ணீர் இல்லாமல் ஐ.டி. நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்ன ஊர் இது. கழிவுநீரைச் சுத்திகரித்துக் கூலிங் டவருக்கு விடும் ஏற்பாடு இருந்தால் மட்டும் தண்ணீர் சில்லரைத் தொடுங்கள். வருஷத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது, 1,000 சதுர மீட்டர் கூரையில் பத்து லட்சம் லிட்டருக்குக் குறையாமல் பிடிக்கலாம். அதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும் என்பதால், தொட்டியைவிட நிலத்தடிக்கு இறக்குவதே நடைமுறை.

காற்றுக்குப் பதிலாகக் கான்கிரீட் தளத்துக்குள் குளிர்நீர்க் குழாய் ஓடவிடும் முறையும் இருக்கிறது. இன்ஃபோசிஸ் ஹைதராபாத் வளாகத்தில் ஒரே கட்டடத்தை இரண்டு சம பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு நன்கு மேம்படுத்திய வழக்கமான ஏ.சி.யும் மறுபாதிக்கு இந்தக் குழாய் முறையும் வைத்து அளந்தார்கள். குழாய்ப் பாதி 34 சதவீதம் குறைவான மின்சாரம் எடுத்தது. சென்னையில் இதைச் செய்யலாம், ஆனால் ஜன்னலைத் திறக்கும் பழக்கமுள்ள அலுவலகத்தில் வேண்டாம். ஈரக்காற்று உள்ளே வந்தால் சீலிங் வியர்க்கும்.

எல்லா அலுவலகத்துக்கும் பொருந்தும் எளிய வழி, சீலிங் ஃபேன். ஏ.சி. அறையில் ஃபேனா என்று இன்டீரியர் டிசைனர்கள் முகம் சுளிப்பார்கள். மின்சாரம் குறைவாக எடுக்கும் 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் மெதுவாகச் சுற்றினால் 26 டிகிரியில் யாரும் புகார் சொல்வதில்லை. செட்டிங்கை ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் ஆறு சதவீத மின்சாரம் மிச்சம் என்பது எரிசக்தித் திறன் பணியகம் சொல்லும் கணக்கு.

விளக்குக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எல்.இ.டி. வந்த பிறகு சதுர மீட்டருக்கு 5, 6 வாட்டில் முடித்துவிடலாம். ஜன்னல் ஓர வரிசைக்குத் தனி சுவிட்ச் வையுங்கள், அது போதும்.

7. வெள்ளம், புயல்

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகும் டிரான்ஸ்ஃபார்மரையும் மெயின் பேனலையும் பேஸ்மென்ட்டில் வைக்கும் டிராயிங் என் மேசைக்கு வருகிறது. கார் பார்க்கிங் எண்ணிக்கைக்காக என்பார்கள். மின் சாதனங்கள் தரைமட்டத்துக்கு மேலே, பழைய வெள்ளக் கோட்டைவிட உயரமாக இருக்கட்டும். நனைந்து தூக்கி எறியப்படும் பேனல் எத்தனை நட்சத்திரம் வாங்கியிருந்தாலும் குப்பைதான்.

மேற்கே நிழலுக்கு மரம் வைக்க விரும்பினால் புங்கன், பூவரசு, வேம்பு. 2016 வர்தா புயலில் சாலையோர குல்மோகரும் இயல்வாகையும் சரிந்து கிடந்ததைப் பார்த்தவர்கள் பூவுக்காக மரம் தேர்ந்தெடுக்க மாட்டார்கள்.

8. குடிபோன பிறகு

பசுமைக் கட்டடச் சான்றிதழ் பலகை வரவேற்பறையில் தொங்கிய மறுநாளே பலர் கட்டடத்தை மறந்துவிடுகிறார்கள். பலகை பெரும்பாலும் டிராயிங்குக்குக் கிடைத்தது, ஓட்டத்துக்கு இல்லை. ஏ.சி., விளக்கு, கம்ப்யூட்டர் பிளக், சர்வர் அறை, லிஃப்ட் ஒவ்வொன்றுக்கும் தனி மீட்டர் கட்டும்போதே வைத்துவிடுங்கள். பிறகு வைக்கப்போனால் பேனலைப் பிரிக்க வேண்டும்.

முதல் வருஷம் மாதாமாதம் யூனிட்டைச் சதுர மீட்டரால் வகுத்து ஒரு நோட்டில் எழுதுங்கள். அதோடு ஒரு வேலை: ஏதாவது ஒரு ஞாயிறு ராத்திரி பதினோரு மணிக்கு, வாட்ச்மேன் தவிர யாருமில்லாதபோது, மெயின் மீட்டரைப் போய்ப் பாருங்கள். அப்படி ஒரு ஞாயிறு நான் போன ஓர் ஆறு மாடி அலுவலகத்தில் 70 கிலோவாட் ஓடிக்கொண்டிருந்தது. சர்வர் அறைக்கு 15 சொல்லலாம். மீதியைத் தேடி மாடி மாடியாக ஏறினோம். மூன்றாவது மாடியில் யாருமில்லாத கான்ஃபரன்ஸ் ஹாலில் ஏ.சி. 18-ல் இருந்தது. கண்ணாடிக் கதவைத் தொட்டதும் கை ஈரமாகியது. வாட்ச்மேன் சொன்னார், "அது வெள்ளிக்கிழமையிலேர்ந்தே ஓடுது சார், ரிமோட்டு யார்கிட்ட இருக்குன்னு தெரியல."